சுண்டுவின் சிறுநீரகம்

ஆட்டு மூத்திரத்துக்காகக் காத்திருப்பதும் ஒரு உத்தியோகம்தான் என்பதை உப்பு மேடத்தின் மாமியார் இன்னும் நம்பியபாடில்லை. மூத்த மருமகள் டாக்டர் என்று பெருமையாகத்தான் சொல்லுவார். அடுத்த கேள்வியாக "எந்த ஆஸ்பத்திரி?" என்று யாராவது கேட்டுவிட்டால்தான் வம்பு. உடம்புக்குள் போகிற தண்ணீர், வருகிற தண்ணீர் பற்றி ஏதோ பெரிய வேலை என்று மென்று விழுங்குவார். இதனால் தெருவில் பாதிப் பேர் அவளைக் குடிநீர் வாரிய அதிகாரி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். குழாயில் காற்று மட்டும் வருகிற நாட்களில் அவள் வாசலைத் தாண்டுவதே பெரும்பாடு.

உண்மையில் அவளுடைய வேலை ரொம்ப எளிமையானது. ஒரு ஆட்டுக்குட்டியைக் கான்வாஸ் தூளியில், நாலு காலும் நாலு ஓட்டை வழியே கீழே தொங்க நிறுத்துவாள். கழுத்து நரம்பில் மெல்லிய குழாய் செருகி, எடைக்குத் தக்கபடி உப்புத் தண்ணீர் ஏற்றுவாள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு உப்பு மேடம் என்று பெயர் விழுந்தது இதனால்தான். வயிற்றுக்கு அடியில் ஒரு பையைக் கட்டிவிட்டு, எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு குட்டியின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். குட்டியும் அவள் முகத்தைப் பார்க்கும். இரண்டு பேரில் யாருக்கு அதிக சங்கடம் என்று சொல்ல முடியாது.

வளர்ந்த ஆடாக இருந்தால் ஏற்றிய உப்பைச் சட்டென்று வெளியே தள்ளிவிடும். வேண்டாத விருந்தாளியைச் செருப்புக்கூடக் கழற்ற விடாமல் வாசலோடு அனுப்புகிற மாதிரி. பால்குடி மறக்காத குட்டி அப்படியில்லை. எச்சில் கையால் காக்கா ஓட்டாத கஞ்சன் அது. உப்பை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், உப்போடு தண்ணீரும் தங்கிவிடும். இமையெல்லாம் உப்பி, அழுது ஓய்ந்த மாதிரி நிற்கும். பையில் நாலு சொட்டு விழுந்தால் பெரிய விஷயம்.

இதை அந்தக் காலத்து ஆட்கள் குட்டிச் சிறுநீரகத்தின் கையாலாகாத்தனம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். உப்பு மேடத்துக்கு அதில் உடன்பாடில்லை. தாய்ப்பாலில் உப்பு கொஞ்சம்தான் இருக்கிறது. ஆனால் நாளொரு மேனியாய் வளர்கிற எலும்புக்கும் சதைக்கும் ரத்தத்துக்கும் உப்பு வேண்டும். வந்த கொஞ்சத்தையும் வெளியே விட்டால் குட்டி எதைக் கொண்டு வளரும்? ஆகவே முட்டாள்தனம் இல்லை, சிக்கனம். வளர வளரத்தான் அந்தப் பிடி தளர்கிறது. புல்லும் தீவனமும் தின்கிற பருவத்தில் வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விடச் சிறுநீரகத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

சரி, பிடியைத் தளர்த்துவது எது? வயசா, தீனியா? இங்கேதான் அவளுக்கும் அவளுடைய துறைத் தலைவருக்கும் ஏழாம் பொருத்தம். தீனி மாறினால்தான் சிறுநீரகம் கண் விழிக்கும் என்பது தலைவர் கட்சி. வயசு வந்தால் தானாக விழிக்கும், தீனி சும்மா உடன் வருகிறது என்பது அவள் கட்சி. ஆய்வுக்கூடத்துக் காபி மெஷினுக்கு முன்னால் நின்று இருவரும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வெளியே போய்க் குடிக்கப் பழகிக்கொண்டார்கள்.

கடைசியில் சோதித்தே பார்த்துவிடுவது என்று முடிவானது. ஒரு பாதிக் குட்டிகளைப் பாலிலேயே வைத்திருப்பது, மறுபாதிக்குச் சீக்கிரமே தீவனம் பழக்குவது, அவ்வப்போது உப்பு ஏற்றிப் பார்ப்பது. எல்லாம் தயார், குட்டிகள்தான் இல்லை. வழக்கமாகக் குட்டி கொடுத்தவர் பட்டியை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். அப்போதுதான் உப்பு மேடம், விதி நாக்கில் உட்கார்ந்திருந்த ஒரு நேரத்தில், தன் கொழுந்தன் ஆடு வளர்க்கிறான் என்று சொல்லித் தொலைத்தாள்.

வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். விஷயத்தைக் கேட்டதும் துடைத்துக்கொண்டிருந்த மூக்குக் கண்ணாடியைக் கீழே வைத்தார். "அவன் என் தம்பிதான், இல்லேங்கல. ஆனா அவன்கிட்ட குதிரை கேட்டா, கழுதையைக் குளிப்பாட்டிக் கொண்டாந்து நிறுத்துவான். பாத்துக்க."

அவள் பார்த்துக்கொள்ளவில்லை. கொழுந்தன் ஊரின் விளிம்பில், தகரக் கொட்டகையும் கம்பி வேலியுமாக ஒரு பட்டி வைத்திருந்தான். பேச்சில் தேன் ஒழுகும். பிறந்து பத்து நாளுக்குள் இருக்கிற குட்டிதான் வேண்டும், தேதி முக்கியம் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். "அண்ணி, நீங்க கேட்டு நான் இல்லேன்னு சொல்வேனா" என்றான். சொன்ன நாளில் ஒரு வேன் நிறையக் குட்டிகள் வந்து இறங்கின. கடைசியாக இறங்கியது ஒரு பொடிசு, மற்றதுகளைவிட அரைப்பிடி குள்ளம். வேனில் கூடவே வந்திருந்த அவள் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, அதை மட்டும் மடியில் வைத்திருந்தாள். பெயர் சுண்டு என்றாள். இறக்கிவிடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்து நாள் பழகிய குட்டிக்கு இவ்வளவு கண்ணீரா என்று உப்பு மேடத்துக்கு ஒரு கணம் தோன்றியது. ஓரகத்தி சீரியல் பார்த்தும் அழுகிறவள்தானே என்று விட்டுவிட்டாள்.

முதல் சோதனையில் எல்லாக் குட்டிகளும் கஞ்சர்களாகவே நடந்துகொண்டன. சுண்டுவைத் தூளியில் ஏற்றினாள். உப்புத் தண்ணீர் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கீழே சத்தம் கேட்டது. பை நிரம்பியது. வேறு பை கட்டினாள், அதுவும் நிரம்பியது. மாற்றுப் பை எடுத்து வருவதற்குள் சுண்டு அவள் காலணியில் தன் பங்களிப்பைச் செலுத்தியிருந்தது. சோதித்துப் பார்த்தால் அத்தனையும் உப்பு. கிழட்டு ஆடுகூட இவ்வளவு தாராளமாக வெளியே விடாது.

தலைவர் முடிவைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மறுபடி பார்த்தார். பால் மட்டுமே குடிக்கிற பத்து நாள் குட்டி இப்படிச் செய்தால் தீனிக் கட்சியும் அவுட், வயசுக் கட்சியும் அவுட். ஆகவே இது வேறு ஏதோ. இதுவரை யாரும் காணாத ஒரு சுரப்பு இந்தக் குட்டியின் ரத்தத்தில் ஓடுகிறது என்று அவருக்கு ஞானம் பிறந்தது. அன்று மாலைக்குள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். அந்தப் பெயரின் முன்பாதி தற்செயலாக அவருடைய குடும்பப் பெயராக இருந்தது. அதோடு நின்றாரா என்றால் இல்லை. ஆராய்ச்சிகளை மேற்பார்வை பார்க்கும் குழுவினரை அழைத்து, நேரில் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது குரல் தழுதழுத்ததாகப் பக்கத்து அறையில் கேட்டவர்கள் சொன்னார்கள்.

உப்பு மேடத்துக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. குட்டி அழகுதான். ஆனால் அதன் பார்வையில் ஒரு அனுபவம் தெரிந்தது. மற்றக் குட்டிகள் உலகத்தை இப்போதுதான் திறந்துவிட்ட மாதிரி மிரண்டு நிற்கும். சுண்டு மட்டும் ஆய்வுக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, எந்த மூலையில் வெயில் விழுகிறது என்று பார்த்து, அங்கே போய்ப் படுத்தது. குழு வருவதற்கு முந்தின நாள் மதியம், அவள் அதன் வாயைத் திறந்து கடைவாய்ப் பக்கம் விரலை விட்டுப் பார்த்தாள். பத்து நாள் குட்டிக்குப் பல் இருக்கக் கூடாத இடத்தில் பல் இருந்தது. அதைச் சுண்டுவே அவளுக்குத் தெளிவாகப் புரியவைத்தது. விரலில் கட்டோடு நேராகக் கொழுந்தன் பட்டிக்குப் போனாள்.

அவன் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நாற்காலி கொண்டுவந்து போட்டான், துடைத்தான், மறுபடி துடைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், அந்தக் குட்டிக்கு என்ன வயசு என்று கேட்டாள். கொஞ்ச நேரம் ஆடுகளின் ஜாதகமெல்லாம் பேசிப் பார்த்தான். பிறகு ஒன்றரை மாசம் இருக்கும் என்றான். மேலேயும் இருக்கலாம்.

"நான் உங்கிட்ட என்ன கேட்டேன் தம்பி?"

"சின்னக் குட்டியா வேணும்னு கேட்டீங்க அண்ணி. அது சின்னதாத்தானே இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் கோபம் வழிமாறிப் போனது. ஒரு குட்டி குறைந்ததாம். அண்ணி முன்னால் வாக்குத் தவறக் கூடாதே என்று, வளர்த்தி இல்லாத இதைச் சேர்த்து அனுப்பினானாம். மூன்று குட்டி ஒரே பிரசவத்தில் பிறந்ததில் இதுதான் நோஞ்சான். தாய் சேர்க்கவில்லை. ஓரகத்திதான் வீட்டுக்குள் வைத்து, புட்டிப்பால் கொடுத்து, பிள்ளை மாதிரி வளர்த்திருக்கிறாள்.

புட்டிப்பால் என்ற சொல் காதில் விழுந்ததும் உப்பு மேடத்துக்கு உடம்பு சிலிர்த்தது. கட்டு விரல்கூட வலிப்பதை நிறுத்தியது. ஒன்றரை மாசத்துக் குட்டி. தீனி இல்லை, வெறும் பால். உடம்பும் வளரவில்லை. ஆனாலும் சிறுநீரகம் பெரிய ஆடு மாதிரி உப்பை வெளியே விடுகிறது. அப்படியானால் பிடியைத் தளர்த்தியது வயசுதான். தீனி இல்லை, எடை இல்லை. வயசு. வருஷக்கணக்காகக் காபி ஆற ஆற அவள் சொன்னதை, ஒரு திருட்டுக் குட்டி நின்ற இடத்தில் நிரூபித்துவிட்டது. கொழுந்தனைத் திட்ட வந்தவள், அவன் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, கொட்டகை நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். அவன் வாசல் வரை வந்து வழியனுப்பினான். என்ன நடந்தது என்று அவனுக்கு விளங்கவே இல்லை.

மறுநாள் காலை தலைவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு பல்லைத் தானே பார்க்கிறேன் என்று கிளம்பினார். அவருக்கும் ஒரு கட்டுப் போட வேண்டியதாயிற்று. இரண்டு பேரும் கட்டு விரலோடு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். குழு இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்து இறங்கப் போகிறது. குடும்பப் பெயர் தாங்கிய சுரப்பு பிறந்த வேகத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. தலைவரின் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தோடு பாவமாகத் தன் வாதத்தை எடுத்து வைத்தாள். சுரப்பு இல்லாவிட்டால் என்ன, வருகிறவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல சேதி இருக்கிறது, வயசுதான் காரணம் என்று சொல்லிவிடலாம். முழுகுகிறவனுக்குத் துரும்பும் தெப்பம். தலைவர் பெருமூச்சு விட்டு, நீங்களே பேசுங்கள் என்றார். வாழ்நாளில் அவர் அவளிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தில் ஓடிய வெளிச்சத்தை மறைக்கச் சுண்டுவைக் குனிந்து தூக்கிக்கொண்டாள்.

குழுவில் மூன்று பேர். இருவர் கோட்டுப் போட்டவர்கள். மூன்றாவது, ஒரு காலத்தில் மாட்டு டாக்டராக இருந்த அம்மாள். முழங்கால் வலியோடு மெல்ல வந்து, ஆட்டுக்கு எதிரே இருந்த நாற்காலியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். உப்பு மேடம் சுண்டுவை மேஜை மேல் நிறுத்தி ஆரம்பித்தாள். கதையை நடந்தபடியே சொன்னாள். ஏமாந்ததையும் சொன்னாள், விரலையும் காட்டினாள். கோட்டுக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் அந்த ஏமாற்று வேலைதான் நமக்கு ஒரு பதிலைக் கொடுத்திருக்கிறது என்று விஷயத்துக்கு வந்தாள். பால் தவிர எதுவும் வாயில் படாத குட்டி, வயசு ஒன்றால் மட்டும் பெரிய ஆட்டின் சிறுநீரகத்தை அடைந்திருக்கிறது என்றாள். அவளுக்கே தன் பேச்சு இனித்தது. பின்னால் நின்ற ஆய்வுக்கூடத்து ஆட்களில் யாரோ தலையாட்டுவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

சுண்டுவுக்கு அந்தப் பேச்சில் சுவாரஸ்யம் இல்லை போலிருக்கிறது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தாடையை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டு நின்றது.

மாட்டு டாக்டரம்மாள் கையைத் தூக்கினார். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். "பால் மட்டுமே குடிக்கிற குட்டின்னு சொன்னீங்க. அப்ப அது இப்ப எதை அசை போட்டுக்கிட்டிருக்கு?"

உப்பு மேடம் குனிந்து சுண்டுவின் தாடையைப் பார்த்தாள்.

பாலை யாரும் அசை போட முடியாது. இரைப்பையில் தழையோ தவிடோ போயிருந்தால்தான் ஆடு அசை போடும். கால்நடை வளர்க்கிற வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும். நேற்றும் அதற்கு முந்தின நாளும் வெயில் மூலையில் இது இப்படித்தான் தாடையை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தது. அவள் பார்த்தாள், ஆனால் பார்க்கவில்லை. நேற்று முழுக்க, பெயர் வைத்துக் கூத்தடித்த தலைவரை மனசுக்குள் கேலி செய்துகொண்டே, அதே பள்ளத்தில் அவளும் அழகாக இறங்கியிருந்தாள். இந்தப் பக்கப் படிக்கட்டு வழியாக, அவ்வளவுதான் வித்தியாசம்.

வளர்த்தவரைக் கேட்டுவிடலாமே என்றார் அம்மாள். வேறு வழியில்லாமல் எல்லார் முன்னாலும் ஓரகத்திக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேஜையில் வைத்தாள். பாலைத் தவிர சுண்டுவுக்கு ஏதாவது கொடுத்தாயா என்று கேட்டாள்.

"நான் ஒண்ணும் பட்டினி போடலக்கா" என்று எடுத்த எடுப்பிலேயே ஓரகத்தியின் குரல் உடைந்தது. வீட்டில் யாரோ குறை சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். "பால் போக பிஸ்கட் குடுப்பேன். உருளைக்கிழங்கு சிப்ஸுன்னா அதுக்கு உசிரு, பாக்கெட் சத்தம் கேட்டாலே ஓடியாந்துடும். சோபாவோட ஒரு பக்கத்தையே தின்னிருக்கு, நான் ஒரு வார்த்தை சொல்லல. தவிடு, முட்டைகோஸ் தழை, உங்க கொழுந்தனோட லாட்டரிச் சீட்டு. என் கையால அது எதுக்கும் ஏங்கினதில்லக்கா."

"சிப்ஸுல உப்பு இருக்குமே?"

"உப்பில்லாம எப்பிடிக்கா, அதுவும் ஒரு உசிருதானே. மசாலா போட்டதுதான் வாங்குவேன்."

முதலில் சிரித்தது தலைவர். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த அவமானமெல்லாம் அந்தச் சிரிப்பில் கரைந்து வெளியே போனது. அவர் சிரிப்பதைப் பார்த்து உப்பு மேடத்துக்குக் காது மடல் வரை சுட்டது. பிறகு அவளும் சிரித்தாள். ஓரகத்தி மட்டும், என்னக்கா சத்தம், சுண்டு நல்லாயிருக்கானா என்று போனில் கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

மாட்டு டாக்டரம்மாள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். வயசாகிவிட்டது, தீனியும் ஆகிவிட்டது, பிறந்ததே நோஞ்சான், போதாததற்கு மசாலா சிப்ஸ். இந்தக் குட்டியை வைத்து யார் எதைச் சொன்னாலும் அது சொல்கிறவர் ஆசையே தவிர ஆட்டின் வாக்குமூலம் இல்லை என்றார். கேள்வி நல்ல கேள்வி, முறையாகச் செய்யுங்கள், குட்டி பிறக்கிறபோதே பக்கத்தில் இருங்கள் என்று சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் சுண்டுவின் தாடையைச் சொறிந்துவிட்டார். அது அவரை மட்டும் கடிக்கவில்லை.

அதன் பிறகு முறையாகத்தான் செய்தார்கள். சினை ஆடுகளையே வாங்கி, ஆய்வுக்கூடத்துப் பின்கட்டில் கட்டி, பிரசவம் பார்த்தார்கள். தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வைக்கோல் மேல் மண்டியிட்டு உட்கார்ந்ததை அவரிடம் வேலை பார்த்த யாரும் அதற்கு முன் கண்டதில்லை. சுண்டு ஓரகத்தி வீட்டுக்கே திரும்பிப் போனது. கொழுந்தனைக் கேட்டுக்குள் விடக் கூடாது என்று காவலாளிக்கு உத்தரவு போனது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆராய்ச்சிக்கே ஆடு கொடுத்தவன் என்று சொல்லி மற்ற இடங்களில் கூடுதலாக வாங்கிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. பால் குட்டிகளுக்குப் புட்டி கொடுக்க ஓரகத்தியையே வேலைக்குச் சேர்த்தாள் உப்பு மேடம். வீட்டுக்காரர் புருவத்தைத் தூக்கினார். ஆனால் ஓரகத்தி வேலையில் நெருப்பு. அன்று போனில் எதற்காக அப்படிக் கேட்டார்கள் என்று ஒரு தடவை புரிய வைத்ததும், அவள் கண் பார்வையில் பால் குட்டிகளின் பக்கம் ஒரு புல் நுனிகூடத் தாண்டவில்லை. தலைவரே ஒரு நாள் கையில் பிஸ்கட்டோடு உள்ளே வந்தபோது, வெளியே வைத்துவிட்டு வாங்க சார் என்று திருப்பி அனுப்பினாள். அவர் போனார்.

குட்டிகள் வளர்ந்தன. தூளியில் தொங்கின, பைகளை நிரப்பின, நிரப்ப மறுத்தன. வாரம் போகப் போக விஷயம் மெதுவாகத் தெளிந்தது. பால் மட்டும் குடித்த குட்டிகளிடமும் வயசு ஏற ஏறப் பிடி தளர்ந்தது. அவள் அப்பாடா என்றாள். ஆனால் தீவனம் தின்ற குட்டிகளிடம் முன்னதாகவே தளர்ந்தது, இன்னும் தாராளமாகவும். தலைவர் அப்பாடா என்றார். வயசு கதவைத் திறக்கிறது, தீனி உப்பைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. இரண்டு கட்சிக்கும் பாதி வெற்றி. பாதித் தோல்வி என்றும் சொல்லலாம். இரண்டு பேரும் அப்படிச் சொல்லவில்லை.

அன்று மதியம் காபி மெஷினுக்கு முன்னால் தலைவர், நான் ஆரம்பத்திலிருந்தே இரண்டும்தான் என்று சொல்லவில்லையா என்று கேட்டார். அவர் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பக்கம் போனவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். உப்பு மேடம் வாயைத் திறந்தாள். என்ன தோன்றியதோ, ஆமாம் சார், நானும் அதைத்தானே சொன்னேன் என்றாள். இரண்டு பேரும் கண் இமைக்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, முதல் முறையாகக் காபியைச் சூடாகக் குடித்தார்கள்.

குட்டிகளை நல்ல பட்டியாகப் பார்த்து அனுப்புகிற நாளில் ஓரகத்தி அழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் ஒவ்வொன்றாகத் தூக்கி வேனில் ஏற்றி, கதவைத் தானே சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து, அடுத்த சினை ஆடுங்க எப்பக்கா வரும், புட்டியெல்லாம் வெந்நீர்ல போடணும் என்று கேட்டாள். பின்கட்டில் குழாய் திறந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்த உப்பு மேடம், வேன் தெரு திரும்புகிற வரை அந்தப் பக்கமே பார்க்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கழுவின இடத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.